பாய்லர் சூடும் கீழடிக் கரியும்

அக்கா மகன் பன்னிரண்டாவது படிக்கிறான். பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டி, தலைப்பு கீழடி. ஐந்து நிமிடப் பேச்சுக்கு நாலு பக்கம் எழுதிக்கொண்டு, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கோரிப்பாளையத்தில் நான் வழக்கமாக உட்காரும் டீக்கடைக்கே வந்துவிட்டான். நான் முப்பது வருஷம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன். கல்யாணப் பத்திரிகை முதல் கடன் விண்ணப்பம் வரை எங்கள் வீட்டில் யார் எதை எழுதினாலும் என் பேனாவுக்குக் கீழே ஒரு தடவை படுத்து எழுந்துதான் போகும்.

முதல் வரியே முழக்கம். 2600 ஆண்டுகளுக்கு முன்பே எழுதப் படிக்கத் தெரிந்த இனம் எங்கள் இனம், இது உண்மை, உண்மையிலும் உண்மை என்று எழுதியிருந்தான். அந்த மூன்று உண்மைகளையும் வட்டம் போட்டேன்.

“என்ன மாமா, றன்னகரமா?”

“எழுத்துப்பிழை இல்ல மாப்ளே. இது உண்மைன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“எல்லாரும் சொல்றாங்கள்ல. மியூசியத்துலயே போட்டிருக்கு.”

“எல்லாரும் சொல்றதால அது உண்மையா? இல்ல, உண்மையா இருக்கறதால எல்லாரும் சொல்றாங்களா?”

அவன் என்னைப் பார்த்த பார்வையில், அப்பாவிடமே திருத்தியிருக்கலாம் என்ற வருத்தம் தெரிந்தது. இரண்டு டீ சொன்னேன். இன்னும் கரி அடுப்பில் பித்தளை பாய்லர் வைத்திருக்கும் கடை அது. அவசரப்பட்டால் மாஸ்டருக்குப் பிடிக்காது. எங்களுக்கும் அவசரமில்லை.

இரண்டாவது பத்தியில், பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த எல்லாருக்கும் மனப்பாடமான அந்த விளக்கம் இருந்தது. உள்ளத்தால் பொய்யாமை உண்மை, வாயால் பொய்யாமை வாய்மை, உடம்பால் பொய்யாமை மெய்ம்மை. கைதட்டல் உறுதி. கேட்கவும் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘உண்மை’ என்ற சொல்லை உள்ளத்துக்குள் அடைத்துவிட்டால் நம் கேள்விக்கே இடமில்லாமல் போய்விடுகிறது. உண்டு, உள்ளது, உளன், உண்மை எல்லாம் ஒரே வேரில் முளைத்தவை. உள்ளதன் தன்மை உண்மை. பழைய நூல்களில் உண்மைக்கு எதிர்ப்பக்கம் நிற்பது பெரும்பாலும் இன்மை. பொய் அல்ல. ஒருவன் மனசார நம்பிச் சொன்னானா இல்லையா என்பது அந்தச் சொல்லின் பிறப்பில் கிடையாது. இருக்கிறதா, இல்லையா, அவ்வளவுதான்.

வள்ளுவரும் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. வாய்மைக்குத் தனி அதிகாரம் எழுதி, யாருக்கும் தீங்கு செய்யாத பேச்சு என்று அதற்கு வரையறை தந்தார். நன்மை பயக்குமானால் பொய்க்கும் அங்கே ஓர் ஓரத்தில் இடம் கொடுத்தார். மெய்ப்பொருளைப் பற்றிப் பேசும் இடத்தில் அந்தச் சலுகையைக் காணோம். அங்கே வேலை, பொருளின் தோற்றத்தையும் சொன்னவரின் வாயையும் தாண்டிப் போய்ப் பார்ப்பது. நல்ல மனிதர் நல்ல நோக்கத்தோடு சொன்னார் என்பதால் வாய்மை வரலாம். சொன்ன விஷயம் அப்படி இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் வராது.

டீ வந்தது. ஒரு சின்ன வாக்கியத்தை வைத்துப் பார்ப்போம் என்றேன். ‘வைகையில் தண்ணீர் ஓடுகிறது.’ இது எப்போது உண்மை?

“வைகையில தண்ணி ஓடுனா.”

“அவ்வளவுதான். போலந்துக்காரர் ஒருத்தர், ஆல்ஃப்ரெட் டார்ஸ்கி, 1933-ல ஒரு பெரிய கட்டுரை எழுதி இதைத்தான் சொன்னார்.”

“இதுக்கு ஒரு கட்டுரையா மாமா?”

சிரிக்கக்கூடிய விஷயம்தான். அவர் சொன்ன உதாரணம் பனி வெள்ளை என்பது. நமக்குப் பனியைவிட வைகை பக்கம். தருக்கக் கணக்கில் அவர் செய்தது பெரிய வேலை. நமக்கு வேண்டியது அதில் ஒரு துளி. வாக்கியம் உண்மையாவதற்குத் தேவையான பொருள் எதுவும் வாக்கியத்துக்குள் இல்லை. சொல்பவனின் தொண்டையிலும் இல்லை, கேட்பவனின் கைதட்டலிலும் இல்லை. அது ஆற்றில் இருக்கிறது. பத்து நிமிடம் நடந்து ஆல்பர்ட் விக்டர் பாலத்தில் நின்று எட்டிப் பார்க்க வேண்டும். நாம் போகாவிட்டாலும் ஆற்றில் தண்ணீர் இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை.

ஆனால் எட்டிப் பார்த்தால் வேறொரு சங்கடம். பாலத்துக்குக் கீழே ஆகாயத்தாமரையைத் தள்ளிக்கொண்டு ஒரு கறுப்புக் கோடு நகர்கிறது. அது சாக்கடை. அதைத் தண்ணீர் ஓடுகிறது என்று எழுதலாமா? அழகர் இறங்கும்போது அணை திறந்து வருகிறதே, அதைத்தான் நாம் தண்ணீர் என்கிறோமா? ஆறு தன் பங்குக்குத் தயாராக இருக்கிறது. நம் வாக்கியம்தான் என்ன கேட்கிறோம் என்று தெரியாமல் நிற்கிறது. பாதிச் சண்டைகள் இப்படித்தான் நடக்கின்றன. அதை அப்புறம் பார்ப்போம்.

என் தொழிலில் இருந்து ஒன்று சொல்ல வேண்டும். புரூஃப் பார்ப்பதற்குத் தமிழில் மெய்ப்பு பார்த்தல் என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சொல்லிலும் மெய் இருக்கிறது. ஆனால் அந்த மெய்யின் எல்லை எனக்குத் தெரியும். மூலப்படியில் இருந்தது அச்சில் இருக்கிறதா என்று ஒத்துப் பார்ப்பேன். மூலப்படியில் ஆசிரியர் 1857 என்பதை 1875 என்று எழுதியிருந்தால், அச்சிலும் 1875 என்று வந்திருந்தால், என் கணக்கில் அந்தப் பக்கம் சுத்தம். ஒரு பிழையும் இல்லாமல் பிழையை அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு பேச்சைப் பார்த்து இன்னொரு பேச்சு, ஒரு செய்தியைப் பார்த்து இன்னொரு செய்தி என்று போகும்போதெல்லாம் நடப்பது இந்த மெய்ப்புதான். பத்துப் பிரதிகள் ஒத்துப்போகின்றன என்றால் பத்துச் சாட்சிகள் என்று பொருளில்லை. ஒரே மூலப்படியாக இருக்கலாம்.

“அப்ப நக்கீரர் மாதிரி நிக்கணும்கிறீங்க.”

மதுரையில் இந்தப் பேச்சை எடுத்தால் மூன்றாவது நிமிடத்தில் நக்கீரர் வந்துவிடுவார். 1965-ல் வந்த திருவிளையாடல் படம் அவரை இன்னும் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டது. சொன்னவர் கடவுளே ஆனாலும் குற்றம் குற்றம்தான் என்ற நிமிர்வு எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த வழக்கைக் கொஞ்சம் கவனித்தால் ஒரு வேடிக்கை. விவாதம் என்ன? பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா இல்லையா. அரசன் இருக்கிறான், புலவர் கூட்டம் இருக்கிறது, கடவுளே வந்து நிற்கிறார். தேவலோகப் பெண்கள் வரைக்கும் பட்டியல் போகிறது. கடைசிவரை ஒருவரும் ஒரு கூந்தலையும் முகர்ந்து பார்த்ததாகக் கதையில் இல்லை. பூ வைக்காத தலை ஒன்று கிடைத்திருந்தால் வழக்கு பொற்றாமரைக் குளம் வரை போயிருக்காது.

இதே ஊரில் நடந்ததாகச் சொல்லப்படும் இன்னொரு வழக்கு இதைவிட எனக்கு முக்கியம். கோவலன் கையில் சிலம்பு இருந்தது. அரசியின் சிலம்பு காணாமல் போயிருந்தது. பொற்கொல்லன் ஒருவன் இரண்டும் ஒன்று என்றான். பார்வைக்கு ஒன்றாகத்தான் இருந்திருக்கும். அதனால்தான் அவ்வளவு சுலபமாக நம்பினார்கள். பிறகு கண்ணகி அரண்மனைக்கு வருகிறாள். அழுகை, கோபம், பத்தினித் தன்மை எல்லாவற்றையும் ஒரு நிமிடம் ஒதுக்கி வைத்துவிட்டு அவள் செய்த காரியத்தை மட்டும் பாருங்கள். உடைப்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறாள், என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று. மன்னனும் தன் பக்கத்தைச் சொல்லிவிடுகிறான், எங்களுடையது முத்து. இரண்டு பேரும் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் சிலம்பு உடைகிறது. உடைத்துப் பார்த்துவிட்டு, நானும் அதைத்தான் நினைத்தேன் என்று சொல்லித் தப்பிக்க இருவருக்கும் வழியில்லை. வெளியில் ஒன்றாகத் தெரியும் இரண்டு பொருள்கள் எந்த இடத்தில் வேறுபடும் என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் உடைத்தாள். சோதனை என்றால் இதுதான்.

சிம்மக்கல் செல்லத்தம்மன் கோயிலில் கண்ணகிக்குச் சிலை இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் கும்பிடுவார்கள். இந்த உடைப்புக்காகவும் ஒரு கும்பிடு போடலாம்.

“ஆனா மாமா, அது கதைதானே? சிலம்பே இல்லாட்டி, மாணிக்கம்ங்கறது உண்மையா பொய்யா?”

நல்ல கேள்வி கேட்டுவிட்டான். பரீட்சையில் முத்து என்று எழுதினால் மதிப்பெண் போகும். அப்படியென்றால் மாணிக்கம் என்பது சரி. எதற்குச் சரி? நூலுக்கு. என் மெய்ப்பு மாதிரி அது, மூலப்படியோடு ஒத்துப் போகிறது. மதுரையில் ஒரு நாள் அப்படி ஒரு சிலம்பு உடைந்ததா என்று கேட்டால் அந்தச் சரி அங்கே செல்லாது. அதற்கு வேறு சாட்சி வேண்டும்.

அந்த வேறு சாட்சி கிடைத்துவிட்டது என்று நம் ஆட்கள் குதிக்கும் இடம் ஒன்று உண்டு. மதுரைக்கு வடகிழக்கே மாங்குளம் மலையில் தமிழ் பிராமி எழுத்தில் கல்வெட்டுகள் இருக்கின்றன. ராபர்ட் சுவெல் 1882-ல் அவற்றைக் கண்டறிந்தார். கணிநந்தன் என்ற சமணத் துறவிக்குச் செய்து கொடுத்த படுக்கைகளைப் பற்றிப் பேசும் அந்தக் கல்வெட்டுகளில் நெடுஞ்செழியன் என்ற பெயர் வருகிறது. ஐராவதம் மகாதேவன் அவற்றைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்று மதிப்பிட்டார். சங்கப் பாட்டில் வரும் ஒரு பாண்டியப் பெயர் கல்லில், தனியாக, பாட்டைப் பார்த்துக் காப்பி அடிக்காத ஒரு சாட்சியாக நிற்கிறது. அது சாதாரண விஷயமில்லை. ஆனால் அந்தக் கல் சொல்வது ஒரு பெயரை. நெடுஞ்செழியன்கள் ஒருவருக்கு மேல் இருந்திருக்கிறார்கள். தலையாலங்கானத்தில் வென்றவர் ஒருவர், ஆரியப்படை கடந்தவர் ஒருவர். கல்லில் பெயர் இருக்கிறது, ஆகவே கண்ணகி முன்னால் விழுந்த மன்னன் இவன்தான், ஆகவே சிலம்பு உடைந்தது என்று மூன்று படி தாண்டுவது நம் ஆசை. கல்லுக்கும் அந்த ஆசைக்கும் சம்பந்தமில்லை.

இந்தத் தாண்டலுக்கு நம்மிடம் ஒரு பெயரே உண்டு. மணிமேகலையை எழுதியவரை மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் என்பார்கள். தானிய வியாபாரி. படியும் மரக்காலும் தினமும் கையில் புழங்கும் தொழில். அந்த ஆளின் நூலில்தான் ‘அளவை’ என்ற சொல் முக்கியமான வேலை செய்கிறது. ஒன்றை அறிவதற்கான வழிக்குத் தமிழ் கொடுத்த பெயர் அளவை. வஞ்சி நகரில் மணிமேகலை பல சமயத்தாரிடம் கேட்டுக்கொண்டே போகும்போது முதலில் பேசுகிற அளவைவாதி பத்து அளவைகளைச் சொல்கிறான். கண்ணால் காண்பது ஒன்று. புகையைக் கண்டு நெருப்பைக் கருதுவது ஒன்று. பெரியோர் நூலை நம்புவது ஒன்று. இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊரார் வழிவழியாகச் சொல்வதைக்கூட ஐதிகம் என்று பட்டியலில் சேர்த்துக்கொள்கிறான். பின்னால் காஞ்சியில் அறவண அடிகள் பேசும்போது அந்தப் பட்டியல் சுருங்கிவிடுகிறது. காட்சி, கருத்து என்று இரண்டே இரண்டு. பேய்க்கு இடமில்லை. அளவைவாதி தன் பங்குக்கு, அளவை மாதிரித் தெரிந்து ஏமாற்றுபவற்றையும் சொல்லியிருந்தான். அதில் ஒன்று ‘தேராது தெளிதல்’. ஆராயாமலே உறுதிக்கு வந்துவிடுவது. பாண்டியன் செய்ததும் அதுதான்.

இனி கீழடிக்கு வருவோம். “இவ்வளவு நேரம் வரலையா?” என்றான் பையன். இன்னொரு டீ சொன்னேன், அவனுக்கு ஒரு வடையும்.

மதுரையிலிருந்து தென்கிழக்கே பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் கீழடி. மாவட்டம் சிவகங்கை, ஆனால் மனசுக்கு மதுரைதான். வைகைக் கரை நெடுகக் கள ஆய்வு செய்த பிறகு, இந்தியத் தொல்லியல் துறை அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையில் 2014-15-ல் அங்கே அகழாய்வைத் தொடங்கியது. இரண்டு பருவம் முடிந்தபின் 2017-ல் அவரை அசாமுக்கு மாற்றினார்கள். மூன்றாம் பருவத்தோடு மத்தியத் துறை நிறுத்திக்கொண்டது. நான்காம் பருவத்திலிருந்து தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டுகிறது.

2017-ல் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னபோது கீழடிக் கரி மாதிரிகளின் வயது ஏறக்குறைய 2200 ஆண்டு. 2019 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிக்கை வெளியிட்டபோது அது கி.மு. 580 ஆகிவிட்டது, அதாவது 2600 ஆண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர் அப்போது கேட்டார், ரெண்டு வருஷத்துல நானூறு வருஷம் எப்படிய்யா கூடும், உண்மைன்னா மாறலாமா என்று.

மாறவில்லை. அவை வேறு வேறு கரித்துண்டுகள். மாநிலத் துறை நான்காம் பருவத்தில் எடுத்த ஆறு மாதிரிகளை அமெரிக்காவின் மயாமியில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பியது. அதில் ஒன்று 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்தது. கி.மு. 580 என்பது அந்த ஒரு துண்டுக்குக் கிடைத்த விடை. மேலே இருந்த கரிக்கு ஒரு வயது, கீழே இருந்த கரிக்கு ஒரு வயது. முதல் வாக்கியம் பொய்யாகிப்போய் இரண்டாவது வாக்கியம் உண்மையாகவில்லை. இரண்டும் சேர்ந்து நிற்கும். கீழடியின் வயது என்ன என்று ஒற்றைக் கேள்வியாகக் கேட்டதுதான் கோளாறு, பாலத்தடியில் தண்ணீர் ஓடுகிறதா என்று கேட்டது மாதிரி.

“கரி எப்படி மாமா வயசு சொல்லும்?”

டீ கிளாஸைக் காட்டினேன். நீ வருவதற்கு முன்னால் ஒரு டீ ஊற்றி இங்கே வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள். பாய்லரில் எவ்வளவு சூடு என்று தெரியும். கிளாஸ் என்ன வேகத்தில் ஆறும் என்று தெரியும். இப்போது தொட்டுப் பார்த்தால், ஊற்றி எத்தனை நிமிடம் ஆச்சு என்று சொல்லிவிடலாம் அல்லவா? மரமும் அப்படித்தான். வானத்திலிருந்து வரும் கதிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனில் மோதி, கார்பன்-14 என்ற நிலையில்லாத கார்பன் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாகிக்கொண்டே இருக்கிறது. செடி உயிரோடு இருக்கும்வரை அதைக் காற்றோடு சேர்த்து உள்ளே இழுக்கிறது. வெட்டுப்பட்டு, எரிந்து, இறந்த நிமிடத்திலிருந்து புதிதாக வருவது நின்றுவிடும். இருப்பது சிதைய ஆரம்பிக்கும். 5730 ஆண்டில் பாதி. 2600 ஆண்டு என்றால் நூற்றுக்குச் சுமார் 73 பங்கு மிச்சமிருக்கும். வில்லார்ட் லிபி என்ற அமெரிக்க வேதியியலாளரின் குழு 1949-ல் இந்த முறையை வெளியிட்டது. 1960-ல் அவருக்கு நோபல் கிடைத்தது.

இதுவரைக்கும் எல்லாரும் சொல்வார்கள். சிக்கல் பாய்லரில் இருக்கிறது. பாய்லர் எப்போதும் ஒரே சூட்டில் இருந்ததா? இல்லை. காற்றில் இருந்த கார்பன்-14 காலத்துக்குக் காலம் கூடிக் குறைந்திருக்கிறது. அதைச் சரிசெய்ய மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணினார்கள். ஜெர்மனியிலும் அயர்லாந்திலும் கிடைத்த பழைய ஓக் மரங்களை ஒன்றோடொன்று பொருத்தி, வளையம் வளையமாக அளந்து, எந்த வருஷத்தில் எவ்வளவு இருந்தது என்று ஒரு அட்டவணை போட்டார்கள். ஆய்வகம் அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் வருஷம் சொல்கிறது.

இப்போது மாஸ்டர் நாலு மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டார் என்று நினைத்துக்கொள். பாய்லரும் ஆறுகிறது, கிளாஸ் ஆறும் அதே வேகத்தில். நாலு மணிக்கு ஒரு டீ ஊற்றுகிறார். நாலே காலுக்கு இன்னொன்று. நாலரை மணிக்கு இரண்டையும் தொட்டுப் பார்.

பையன் கண்ணை மூடி யோசித்தான். “ரெண்டும் ஒரே சூடா இருக்கும்.”

“ஏன்?”

“ரெண்டாவது ஊத்தும்போதே பாய்லர் முதல் கிளாஸ் அளவுக்கு ஆறியிருக்கும்ல.”

அவ்வளவுதான். கி.மு. 800-லிருந்து 400 வரைக்கும் உலகம் முழுக்க இப்படி ஒரு காலம். காற்றிலேயே கார்பன்-14 குறைந்துகொண்டு வந்ததால், கி.மு. 700-ல் எரிந்த கரியும் 500-ல் எரிந்த கரியும் ஆய்வகத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரி அளவு காட்டும். ஐரோப்பாவின் இரும்புக்கால ஊர்களைத் தோண்டுபவர்களுக்கும் இதே தலைவலிதான். அட்டவணையை வரைபடமாகப் போட்டால் அந்த இடம் மேட்டுச் சமவெளி மாதிரித் தட்டையாகக் கிடக்கும். நம் 580 அந்தச் சமவெளியின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே 580 என்று ஒரு வருஷமாக அச்சடித்தாலும் அதன் பின்னால் ஒரு நீண்ட வாய்ப்பு எல்லை இருக்கிறது. ஆய்வகத் தாளில் அது இருக்கும். சுவரொட்டியில் இருக்காது.

இதைச் சொன்னதும் அவன் முகம் வாடிவிட்டது. “அப்ப 2600 பொய்யா?”

இல்லை. மங்கலாகத் தெரிவதைப் பொய் என்று ஏன் சொல்ல வேண்டும்? அந்தக் கரிக்கு ஒரு உண்மையான வருஷம் இருக்கிறது. யாரோ ஒருவர் ஒரு நாள் அடுப்பு மூட்டினார், அது கீழடியில் ஒரு குறிப்பிட்ட நாளில் நடந்தது. அதில் மங்கல் கிடையாது. மங்கல் நம் கண்ணில். ‘அப்படி இருந்ததா’ என்பது ஒரு கேள்வி, ‘நமக்கு எவ்வளவு தெரியும்’ என்பது வேறு கேள்வி. நீ போட்ட மூன்று உண்மைகளும் இரண்டாவது கேள்வியின் குறையை முதல் கேள்வியின் பெயரால் மூடுகின்றன. எல்லாம் அவங்கவங்க நம்பிக்கைதான் என்று தோளைக் குலுக்குபவர்கள் முதல் கேள்வியையே இல்லை என்று ஆக்கிவிடுகிறார்கள். முழக்கத்தையாவது ஒரு நாள் சரிபார்க்கலாம். தோள்குலுக்கலை என்ன செய்வது?

இன்னும் இரண்டு இடைவெளி இருக்கிறது. கரி சொல்வது மரம் இறந்த காலத்தை. ஒரு பெரிய மரத்தின் நடுத்தண்டு, வெட்டுவதற்கு நூறு வருஷம் முன்னாலேயே வளர்ச்சியை முடித்திருக்கும். பழைய வீட்டு உத்திரத்தைப் பிரித்து எரித்தால் இன்னும் பின்னால் போகும். அடுத்து, உன் வாக்கியத்தில் இருப்பது கரியே இல்லை. எழுத்து. நான்காம் பருவத்தில் தமிழ் பிராமி கீறிய 56 பானை ஓடுகள் கிடைத்தன. ஆதன், குவிரன் என்று பெயர்கள். ஒரு ஓட்டில் ஒருவன் தன் பெயரைக் கீறியிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும். ராஜா இல்லை, சாமி இல்லை, பானைக்குச் சொந்தக்காரன். ஆனால் சுட்ட மண்ணைக் கார்பன் முறையில் அளக்க முடியாது. அது உயிரோடு இருந்ததில்லை. ஓட்டின் வயது அது கிடந்த மண்ணடுக்கிலிருந்தும், அந்த அடுக்கில் கிடைத்த கரியிலிருந்தும் வருகிறது. தமிழ் பிராமி கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்குப் போகிறது என்று 2019 அறிக்கை வாதிட்டது. அதுவரை பெரும்பாலோர் சொல்லிவந்தது 3ஆம் நூற்றாண்டு. எந்த ஓடு எந்த ஆழத்தில், எந்தக் கரிக்குப் பக்கத்தில், அந்த மண் இடையில் கலைந்ததா என்றெல்லாம் தொல்லியல்காரர்கள் கேட்டார்கள். கேட்டவர்களைத் தமிழ்ப் பகைவர் என்று வைதவர்கள் உண்டு. சிலருக்கு உள்நோக்கம் இருந்திருக்கலாம், எனக்கென்ன தெரியும். உள்நோக்கத்தோடு கேட்டாலும் கேள்வி சரியான கேள்விதான். புகையைக் காட்டி நெருப்பு என்று சொல்பவன், அது பனிமூட்டம் இல்லை என்றும் காட்டித்தான் ஆக வேண்டும்.

மறுபக்கத்துக்கும் அதே அளவை. முதல் இரண்டு பருவங்களைப் பற்றி அமர்நாத் 2023 ஜனவரியில் 982 பக்க அறிக்கை கொடுத்தார். கி.மு. 8ஆம் நூற்றாண்டிலிருந்து தொடங்கி மூன்று காலக்கட்டமாகப் பிரித்திருந்தார். இரண்டு வருஷத்துக்கு மேல் கழித்து, 2025 மே மாதம், காலக்கணிப்பைத் திருத்தித் தரும்படி இந்தியத் தொல்லியல் துறை கேட்டது. மண்ணடுக்கும் காலக்கணிப்பு முடிவுகளும் தந்த ஆதாரத்தில் நிற்கிறேன் என்று அவர் மறுத்தார். அடுத்த மாதம் அவரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். இந்த இழுபறியில் என் சாய்வு எந்தப் பக்கம் என்று மறைக்க விரும்பவில்லை. ஆனால் சாய்வு எந்தப் பக்கம் இருந்தாலும், அந்த 982 பக்கத்துக்குப் பதில் இன்னொரு காலக்கணிப்பு, இன்னொரு குழி, அடுக்கை வேறு மாதிரி வாசிக்கும் இன்னொரு வாசிப்பு. ஒரு ஆளை ரயில் ஏற்றி அனுப்பினால் மண்ணுக்குக் கீழே ஒரு சென்டிமீட்டரும் நகராது.

“சரி மாமா, நான் என்னதான் பேசறது?”

பேனாவை அவன் கையிலேயே கொடுத்தேன். அடித்து அடித்து எழுதினான். வடை எண்ணெய் ஒரு ஓரத்தில் பட்டுவிட்டது. கடைசியில் நின்ற வாக்கியம் இது: ‘கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த ஒரு கரித்துண்டு, இன்றைக்குச் சுமார் 2600 ஆண்டுகளுக்கு முன் எரிந்த மரத்தினுடையது என்று ஆய்வகம் கணித்திருக்கிறது, அதே ஊரில், ஆதன் என்று பெயர் கீறிய பானை ஓடும் கிடைத்திருக்கிறது, இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதைத்தான் இப்போது அளந்துகொண்டிருக்கிறார்கள்.’

“கைதட்ட மாட்டாங்க மாமா.”

“மாட்டாங்க. கொஞ்சம் நிறுத்திப் படி, கேப்பாங்க.”

கடையில் உட்கார்ந்தபடியே சத்தமாக ஒரு தடவை படித்துப் பார்த்தான். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினான். டீ ஆற்றிக்கொண்டிருந்த மாஸ்டர் கையை இறக்கிவிட்டுக் கேட்டார்.

“அப்படின்னா தம்பி, இந்தப் பாய்லருக்கு வயசு சொல்லிடுவாங்களா?”

“பாய்லருக்கு முடியாதுண்ணே, அது பித்தளை. அடியில எரியுதுல்ல கரி, அதுக்குச் சொல்லலாம். மரம் எப்ப வெட்டுனதுன்னு.”

“அது போன மாசம் வெட்டுன கருவேலம். பாய்லர் எங்க தாத்தா வாங்குனது.”

பையன் ஒரு நிமிடம் பாய்லரைப் பார்த்தான், அடியில் சிவந்து கிடந்த கரியைப் பார்த்தான். பிறகு காகிதத்தை மறுபடி விரித்துப் பேனாவைக் கேட்டான்.